எச்சரிக்கையின் எல்லையை யார் வைப்பது?

தன்னை எச்சரிக்க வேண்டிய ஒன்றின் எல்லையை மனிதன் தானே மாற்றி வைத்துக்கொள்ளலாமா? மனசாட்சியைப் பற்றிக் காலங்காலமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்வி, அமெரிக்காவில் பிக்அப் டிரக் வைத்திருப்பவர்கள் முன் துல்லியமான எண்களோடு வந்து நிற்கிறது. அங்கே மொத்த எடை 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புதிய வண்டிகளில், டயர் காற்றழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு 2007 செப்டம்பர் முதல் கட்டாயம். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டை சொல்லும் அழுத்தத்தில் 25 விழுக்காடு இறங்கினால் விளக்கு எரிய வேண்டும். அட்டையில் 35 பிஎஸ்ஐ என்றிருந்தால் ஏறக்குறைய 26-இல் எரியும். 80 என்றிருந்தால் 60-இல். ஆனால் வண்டிக்காரர்கள் டயரை மாற்றுகிறார்கள், ஏற்றும் பாரத்தை மாற்றுகிறார்கள், பிறகு மென்பொருள் வழியே இந்த எல்லையையும் மாற்றுகிறார்கள்.

கார் வகை டயரைக் கழற்றிவிட்டு, பாரக் குறியீடு 121 கொண்ட ‘ஈ’ வகை டிரக் டயரைப் பூட்டுகிறார் ஒருவர். 121 என்றால் ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். அந்த வலு 80 பிஎஸ்ஐ காற்றில் மட்டுமே உண்டு. 35-இல் அது, கழற்றிப் போட்ட அதே அளவு பழைய டயரைவிடக் குறைவாகவே தாங்கும். லோடு ஏற்றி 60-இல் ஓட்டும் அவருக்கு, 26-இல் எரியும் விளக்கு இருந்தும் இல்லாததுதான். எல்லையை உயர்த்துவது அவர் கடமை. இன்னொருவர் பெரும்பாலும் வெறும் வண்டி ஓட்டுகிறவர். அட்டை சொல்லும் 80 அடித்தால் பின்சக்கரம் துள்ளுகிறது. பின் அச்சை எடை போட்டு, டயர் தயாரிப்பாளரின் பார அட்டவணையோடு ஒப்பிட்டு, 60 போதும் என்று முடிவு செய்கிறார். விளக்கு ஓயாமல் எரிவதால் எல்லையை இறக்குகிறார். அதுவும் சரிதான். மூன்றாமவரும் இருக்கிறார். அவர் பாரத்தைக் குறைக்கவில்லை, காற்றும் அடிக்கவில்லை. விளக்கு கண்ணை உறுத்துகிறது, அவ்வளவே. ‘ஈ’ டயர் போட்டாயிற்று, இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பது அவர் நம்பிக்கை. டயர் மாறினால் அச்சோ ஸ்பிரிங்கோ பிரேக்கோ வலுவடைவதில்லை என்பதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவரும் எல்லையை இறக்குகிறார். செயலை மட்டும் பார்த்தால் இரண்டாமவருக்கும் இவருக்கும் வேறுபாடே இல்லை. அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்பதில்தான் அறம் இருக்கிறது.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபோர்ட், நம்பிக்கையின் அறம் பற்றி 1877-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைப் படைத்தார். கப்பல் பழையது என்று அவருக்குத் தெரியும். இத்தனை பயணம் தாங்கியது இதையும் தாங்கும் என்று சந்தேகத்தை அடக்கிக்கொண்டு, குடியேறச் செல்லும் மக்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. இது மிகையான கடுமை என்பவர்கள் உண்டு. டயர் கிளிஃபோர்டின் பக்கம் நிற்கிறது. காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அதில் வெப்பம் ஏறுகிறது. வெப்பம் ரப்பருக்கும் எஃகுப் பட்டைக்கும் இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. பிறகு காற்று அடித்தாலும் தளர்ந்தது கூடுவதில்லை. பத்திரமாக ஊர் சேர்ந்த பயணமும் அடுத்த பயணத்துக்கான கேட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது. ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இங்கே சான்றாகாது.

அப்படியானால் தொழிற்சாலை வைத்த எல்லையைத் தொடாமலே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விளக்கைக் கட்டாயமாக்கிய சட்டத்தின் வரலாறே அதற்கு இடம் தரவில்லை. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட சாவுகள் 250-ஐத் தாண்டின. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்திருந்த அழுத்தம் 26. டயர் நிறுவனமோ 30 வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டத்தின் விளைவே இந்த எச்சரிக்கை விளக்கு. அதிகாரபூர்வ எண்ணும் மனிதர்கள் விவாதித்து வைத்த எண் என்பதால், அதைக் கேள்வி கேட்கும் உரிமை ஓட்டுகிறவருக்கு உண்டு. பொய்யாக ஓயாமல் எரியும் விளக்கு உண்மையாக எரியும் நாளில் கவனிக்கப்படாது என்ற வாதத்தையும் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் உரிமைக்கு ஒரு சோதனை வேண்டும்: விளக்கு எரிவதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தால் இதே எண்ணுக்குத்தான் வந்திருப்பேனா? ஆம் என்று சொல்ல முடியாதவர் மாற்றக் கூடாது.

என் வண்டி, என் உயிர் என்ற பதில் எல்லாவற்றிலும் பலவீனமானது. பிய்ந்த டயர்ப் பட்டை பின்னால் வருபவர் மீதும் விழும். வண்டியும் ஒருவரிடமே இருப்பதில்லை. விற்கும்போது மாற்றப்பட்ட எல்லை அதனோடேயே போகிறது. கதவருகே இருக்கும் அட்டை இன்னும் 80 என்றே சொல்லும். வாங்கியவர் லோடு ஏற்றிக்கொண்டு, 60-இல் விளக்கு எரியும் என்று நம்பிப் புறப்படுவார். ஆகவே எல்லையை மாற்றுகிறவர் அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே புதிய எண்ணையும், எந்த டயருக்கு, எவ்வளவு பாரத்துக்கு அதை வைத்தார் என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும்.