கேவலம் என்னும் தனிமை

தனித்திருத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் 'அலோன்' என்பது ஒருவர் துணையின்றி இருக்கும் வெறும் நிலையையும், 'லோன்லினெஸ்' என்பது அந்நிலை தரும் வேதனையையும், 'சாலிட்யூட்' என்பது விரும்பி ஏற்ற ஏகாந்தத்தையும் குறிக்கும். இருபதாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் பால் டில்லிக், பிந்திய இரண்டையும் ஒரே அனுபவத்தின் துயரமும் மாண்புமாகப் பிரித்துக் காட்டினார். மெய்யியலாளர் ஹன்னா அரெண்ட், மனிதரைப் பிரித்துச் செயலற்றவராக்கும் அரசியல் நிலையான 'ஐசொலேஷன்' என்பதையும் இவற்றோடு சேர்த்து ஆராய்ந்து, ஏகாந்தத்தில் இருப்பவர் தம்மோடு தாமே உரையாடுவதால் இருவராய் இருக்கிறார் என்றும், தனிமைத் துயரில் வாடுபவரோ கூட்டத்தின் நடுவிலும் தம்மையே இழந்து ஒருவராய் நிற்கிறார் என்றும் விளக்கினார். இப்பகுப்புகள் பயனுடையவையே, ஆயினும் ஓர் உயிர் தனித்து இருக்க இயலும் என்பதை இவை ஐயமின்றி ஏற்றுக்கொண்டு, அவ்விருப்பு எவ்வாறு உணரப்படுகிறது என்பதையே ஆராய்கின்றன. தமிழ்நாட்டுச் சமய மரபுகள் அதற்கு முந்திய கேள்வி ஒன்றை எழுப்பின: உயிர் தனித்திருத்தல் கூடுமா, கூடுமாயின் அது வீடுபேறா, சிறையா?

இக்கேள்வியின் கூர்மை 'கேவலம்' என்னும் கலைச்சொல்லில் வெளிப்படுகிறது. ஒன்றேயாய், கலப்பின்றி, தனித்து நிற்பது என்பது அச்சொல்லின் அடிப்படைப் பொருள். வினைகளின் மறைப்பு முற்றும் நீங்கியபின், பொறிபுலன் எதன் உதவியும் வேண்டாது உயிர் தானே யாவற்றையும் அறியும் அறிவைச் சமணர் கேவல ஞானம் என்றனர். புருடன் எனப்படும் அறிவுப்பொருள், பிரகிருதி எனப்படும் மூலப்பொருளிலிருந்து பிரிந்து நிற்பதையே சாங்கியமும் யோகமும் விடுதலை என்று கொண்டதால், பதஞ்சலியின் யோக நூலில் இறுதிப் பாதம் கைவல்ய பாதம் என்றே பெயர் பெற்றது. தாண்டவராய சுவாமிகள் தமிழில் இயற்றிய அத்துவித நூலும் கைவல்ய நவநீதம் என்னும் பெயரால் வழங்குகிறது. இம்மரபுகள் தம்முள் பலவாறு மாறுபட்டாலும், தனித்து நிற்றலே உச்சி என்பதில் ஒரு குரலாய் ஒலிக்கின்றன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் முறைப்படுத்திய சைவ சித்தாந்தமோ அதே சொல்லை எடுத்து அடிமட்டத்தில் வைத்தது. உயிருக்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலைகள் உண்டு என்பது அதன் கொள்கை. உடலும் கருவிகளும் உலகும் கிட்டாமல், ஆணவம் என்னும் மூல மலத்தோடு மட்டும் உயிர் கிடக்கும் நிலை கேவலம். அங்கே அறிவு, விருப்பம், செயல் ஆகிய மூன்றும் உயிருக்கு உண்டு எனினும் அவற்றுள் ஒன்றும் இயங்குவதில்லை. இங்கு ஆணவம் என்பது பேச்சுவழக்கில் உள்ள செருக்கு அன்று. பரந்து விரிய வல்ல உயிரை அணுவளவாய்ச் சுருக்கிவிடும் தடை. அருள்கூர்ந்து இறைவன் மாயையிலிருந்து உடலும் உலகும் படைத்துத் தர, உயிர் பிறரோடு கூடி வாழும் நிலை சகலம். மலம் நீங்கி இறைவனோடு ஒன்றும் நிலை சுத்தம்.

இக்கொள்கையின் அடியில் இருப்பது 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்னும் கருத்து. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடையும் இயல்பினது. சார்பின்றி அதற்கு ஒரு கணமும் இருப்பில்லை. எனவே கேவலத்திலும் உயிர் உண்மையில் தனியாக இல்லை, இருளைச் சார்ந்திருக்கிறது. தனிமைத் துயரைப் பற்றி உலக மெய்யியலில் கூறப்பட்டவற்றுள் இதனினும் ஆழமான கூற்று அரிது. பிறர் இன்மையால் மட்டும் அத்துயர் விளைவதில்லை; உயிர் தன்னுள் சுருங்கி அச்சுருக்கத்தையே துணையாகக் கொள்வதால் விளைகிறது என்பதும், அதற்கு மருந்தாகவே வீடும் ஊரும் சுற்றமும் அமைந்த இவ்வுலகம் உயிருக்கு வழங்கப்பட்டது என்பதும் இக்கொள்கையின் உட்கிடை. உலக வாழ்வைப் பந்தம் என்று மட்டுமே பழிப்போர் சித்தாந்தத்தின் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே நடைமுறை வாழ்வு எங்கு நின்றது என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் கல்லில் ஒரு சான்று உண்டு. பழனிக்கு மேற்கே சமவெளியிலிருந்து எழும் ஐவர்மலை, பழங்காலத்தில் அயிரைமலை எனப்பட்டது. அதன் இயற்கைக் குகைத்தளம் சமண முனிவர் உறைவிடமாய் இருந்தது. அங்கே சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டை, அவ்வரசன் கி.பி. 862இல் முடிசூடினான் என்பதை உறுதிசெய்யும் ஆவணமாகவே வரலாற்றாசிரியர் போற்றுவர். சமயத்தை ஆராய்வோருக்கு அதன் உள்ளடக்கமே பெரிது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், அம்மலையில் இருந்த தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, அவற்றுக்கு இடையறாத திருவமுதுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் அளித்ததை அது பதிவு செய்கிறது. கேவல ஞானத்தை, எதையும் சாராத அறிவை நாடிக் குகையில் இருந்த ஒருவருக்கு நாள்தோறும் சோறு வரவேண்டும் என்று இன்னொருவர் முன்கூட்டியே எண்ணிப் பொன் வைத்திருக்கிறார். சமண முனிவர் தாமே சமைப்பதில்லை, பொருள் சேர்ப்பதில்லை. ஆகவே அவர்தம் ஏகாந்தம் தொடக்கம் முதலே இல்லறத்தாரின் அடுப்பை நம்பியது. இதை முரண்பாடு என்று கொள்வது பொருந்தாது. தனித்திருப்பவரைக் கைவிடாத ஒரு சமூகத்தில்தான் தனித்திருத்தல் தவமாக முடியும் என்பதை அக்கொடை காட்டுகிறது.

இதே மாவட்டத்தோடு தொடர்புடைய பிற்காலச் சான்று ரமண மகரிஷியின் வாழ்க்கை. 1879இல் திருச்சுழியில் பிறந்த, வேங்கடராமன் என்னும் இயற்பெயருடைய அவர், 1892இல் தந்தை மறைந்து மதுரைக்குச் செல்லும் முன், திண்டுக்கல்லில் உறவினர் வீட்டில் தங்கிச் சில காலம் பள்ளியில் பயின்றார். அவ்வூரில் ஒருநாள் வீட்டார் அனைவரும் கோவிலுக்குச் சென்றிருந்தபோது, தனியே இருந்த சிறுவன் கதவைத் தாழிட்டு உறங்கிவிட, திரும்பி வந்தவர்கள் எவ்வளவு தட்டியும் கூவியும் எழுப்ப முடியாமல், எதிர்வீட்டுச் சாவி கொண்டு திறந்து உள்ளே வந்து அடித்து எழுப்ப முயன்றதைப் பின்னாளில் அவரே அடியார்களிடம் கூறியுள்ளார். ஆழ்ந்த உறக்கம் அவர்தம் போதனையில் முக்கிய இடம் பெற்றது. உறக்கத்தில் எவரும் தம்மைத் தனியர் என்று வருந்துவதில்லை. வருந்துவதற்குரிய 'நான்' என்னும் எண்ணம் அங்கே எழுவதில்லை. ஆயினும் உறக்கம் ஞானமன்று, அறியாமை அங்கே விதைபோல் எஞ்சியிருக்கிறது என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

இதனையொட்டியே அவர் சமாதி நிலைகளையும் வகைப்படுத்தினார். மனம் ஒடுங்கியும் அழியாதிருக்கும் 'கேவல நிர்விகற்ப சமாதி', கயிற்றோடு கிணற்றில் மூழ்கிக் கிடக்கும் வாளி போன்றது. கயிற்றின் மறுமுனையை இழுத்தால் வாளி மேலே வந்துவிடும். அதனினும் உயர்ந்தது உலக நடுவிலும் நீங்காத இயல்பு நிலை. அதைச் 'சகச நிர்விகற்பம்' என்பர். அத்துவித மரபிலும் ஓரிடத்தில் 'கேவலம்' இவ்வாறு உச்சியிலிருந்து ஒரு படி இறங்குவது கவனத்திற்குரியது. ஏகாந்தத்திற்குக் காடு செல்ல வேண்டுமா என வினவியோருக்கு, அது மனத்தைப் பொறுத்ததே; பற்றுடையவருக்கு வனத்திலும் ஏகாந்தமில்லை, பற்றற்றவருக்குச் சந்தையிலும் உண்டு என்னும் கருத்தில் அவர் விடையளித்தார்.

அவர் வாழ்வும் ஐவர்மலைக் கல்வெட்டுக்கு உரைபோல அமைந்தது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்து, கோவிலின் பாதாள லிங்க நிலவறையில் உடலைப் பூச்சிகள் அரித்தும் உணராதிருந்த இளைஞரைக் காத்தவர் துறவி சேஷாத்திரி சுவாமிகள். பின்னர் வாயில் உணவு ஊட்டியும், ஊருக்குள் பிச்சை எடுத்து வந்தும் அவரைப் பேணியவர் பலர். 1916இல் தாய் அழகம்மாள் வந்து சேர்ந்தபின், மலைமேல் அவர்கள் வாழ்ந்த கந்தாசிரமத்தில் அடுப்பெரிந்தது. தம்மைத் தேட வேண்டாம் என எழுதி வைத்துவிட்டு வீடு துறந்தவர், 1922 மே 19 அன்று, தாயின் இறுதி நாளில், ஒரு கையை அவர் மார்பிலும் மறுகையைத் தலையிலும் வைத்து உடனிருந்தார்.

இவ்வளவையும் அறிந்தபின் சமயத்தின் பெயரால் செய்யப்படும் ஒரு பிழையைச் சுட்டாமல் விட முடியாது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போக, ஊரில் ஒண்டிக்கட்டையாய் எஞ்சிய முதியவரிடம், தனிமை இறைவன் தந்த ஏகாந்தம் என்று ஆறுதல் கூறப்படுவதுண்டு. பிரிட்டன் 2018இல் தனிமைத் துயருக்கெனவே ஓர் அமைச்சரை நியமிக்கும் அளவுக்கு அத்துயர் உலகெங்கும் உணரப்படும் காலத்தில், அந்த ஆறுதல் வெறும் அறியாமை மட்டுமன்று, கொடுமையும்கூட. ஏகாந்தம் என்று பெயரிடுவோர் அம்முதியவரின் சோற்றுக்கும் பேச்சுக்கும் பொறுப்பேற்றவர் யார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். முத்தியில் உயிர் இறைவனைச் சார்ந்து நிற்கும் என்பார் சித்தாந்திகள், சார்வதற்கு இரண்டாம் பொருளே இல்லை என்பார் வேதாந்திகள். அவ்வழக்கு இன்றும் முடியவில்லை. ஆனால் கைவிடப்பட்டுக் கிடப்பதை வீடுபேற்றோடு ஒன்றாக எண்ணுவதற்கு இவ்விரு தரப்பாரின் நூல்களிலும் இடமில்லை.