மேட்டில் காத்து நின்றவர்

மனிதனுக்கு அழகு முந்திச் செல்வதா, பின்தங்கியவனுக்காகக் காத்து நிற்பதா? இவ்வினாவைச் சென்ற ஞாயிறன்று ஒரு துவிச்சக்கர வண்டி எம்முள் எழுப்பிற்று.

தோட்டத்தில் உடனுழைக்கும் அறுவர், பொழுது புலர்ந்ததும் செம்மண் சாலையில் சைக்கிள் விட்டோம். கிராணிகள் இருவர், செம்பனைக் குலை வெட்டுவோர் நால்வர். பந்தயம் இல்லை, பேச்சும் சிரிப்புமே பயன். மேட்டில் எமக்கு மூச்சு வாங்கிற்று. முன்னே சென்ற தோழர் ஒருவர் இறங்கி நின்று, “மெதுவா வாங்க கிராணியாரே, அவசரமில்லை” என்றார். நாற்காலி தந்த எமது உயர்வு அம்மேட்டில் எங்கே போயிற்று?

ஒருவர் சுகம் மற்றவர் உழைப்பின்மேல் ஓடுவது இவ்வண்டியின் வரலாற்றிலும் உண்டு. 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகவே, மலாயாவில் பால்மரத் தோட்டங்கள் பரந்தன. நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். உலகம் குலுங்காது சென்றது அவர்தம் வியர்வையின் மீதன்றோ!

மறுநாட் காலைப் பெரட்டுக்கு அதே தோழர் பத்து நிமிடம் பிந்தி வந்தார். எமது கையில் பேனா. “பிந்தினார்” என்று பதிவேட்டிற் குறித்துவிட்டோம்.

விதி எல்லார்க்கும் பொது. நண்பருக்காக அதனை வளைப்பின் ஏனையோர்க்கு அநீதியாம். இஃது உண்மையே. ஆயினும், “ஏன் தாமதம், ஐயா?” என வினவுதல் எவ்விதிக்கு முரண்? அவ்வொரு சொல்லையும் யாம் கேட்டோமில்லை. மேட்டில் அவர் எமக்காக நின்றார். பெரட்டில் யாம் ஒரு நொடியும் நின்றோமில்லை.

ஞாயிறன்று தோழமை, திங்களன்று அதிகாரம் எனின், அது சமத்துவமன்று, வெறும் பொழுதுபோக்கே.