நினைவில் இல்லாத குற்றம்

மே மாதத்தில் ஏற்காட்டில் இரண்டு கூட்டங்கள் கூடுகின்றன. ஒன்று கோடை விழாக் கூட்டம். மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி ஆகியவற்றோடு நாய்க் கண்காட்சியும் அதில் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று வகைவகையாக வந்து நிற்கும். ‘சிட்’ என்றால் உட்காரும், ‘ஸ்டே’ என்றால் அசையாது. சுற்றி நிற்கும் குழந்தைகள் கைதட்டுவார்கள். மற்றொன்று சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம். அது மலையாளி பழங்குடி மக்களின் விழா. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பதும், மூத்தவரான பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலையில் குடியேறினார் என்பதும் அவர்களின் வாய்மொழி வரலாறு.

கோயில் என்றால் கோபுரமும் பிராகாரமும் உள்ள கோயில் அல்ல, குகை. கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி உயரத்தில், மலை உச்சியின் திறந்த வெளியில் இருக்கிறது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் தலையைக் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். பாறை குளிர்ந்திருக்கும், வெளிச்சம் குறைவு. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். குகையின் உட்பகுதி காவிரி வரைக்கும் போகிறது என்று மலை மக்கள் நம்புகிறார்கள்.

இந்த இரண்டு கூட்டங்களிலும் காதில் விழக்கூடிய இரண்டு வாக்கியங்கள் உண்டு. தமிழ்நாட்டில் எங்கும் கேட்கும் வாக்கியங்கள்தான். நாய் வளர்ப்பவர் சொல்வது: “தப்பு பண்ணினது அதுக்கே தெரியும் சார், மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்.” சாமி கும்பிட வந்தவர் சொல்வது: “போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ, இப்போ அனுபவிக்கிறேன்.” முதல் வாக்கியம் உண்மையில்லை என்று இன்று நமக்குத் தெரியும். அது பொய்யானால் இரண்டாவது வாக்கியத்தின் கதி என்ன என்பதே இந்தக் கட்டுரை கேட்க விரும்பும் கேள்வி.

முதலில் நாய்க்குட்டி. மலைக் கிராமத்து நாய் வாசலில் பிறந்து வாசலில் வளர்கிறது. எங்கே மூத்திரம் போக வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை, தேவையும் இல்லை. கதவு சாத்திய, டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் குட்டியைக் கொண்டுவந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆனால் குட்டி சுத்தம் அறியாத ஜீவனாக வருவதில்லை. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்கக்கூட முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும், அதையும் தாயே சுத்தம் செய்துவிடும். மூன்று வாரம் ஆகி, கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், படுத்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்க் கழிக்க ஆரம்பிக்கிறது. தூங்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற அறிவு அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. ‘இந்தக் கூடம், அடுப்படி, கட்டிலறை எல்லாமே உன் படுக்கைதான்’ என்று அந்த எல்லையை விரித்துக் காட்டுவதே மனிதன் செய்யும் வேலை.

அதற்கு வேண்டியவை கவனமும் பொறுமையும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் கட்டாயம் போகும். போவதற்கு முன் அதன் உடம்பே சொல்லிவிடும்: விளையாட்டைச் சட்டென்று நிறுத்தும், மூக்கைத் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், பின்கால் லேசாக மடங்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் தூக்கிக்கொண்டு தினமும் போகும் அதே இடத்தில் விட வேண்டும். அது முடித்த கணமே, ஓரிரு விநாடிக்குள், ஒரு நல்ல வார்த்தையும் வாயில் ஒரு துண்டு தீனியும். வீட்டுக்குள் திரும்பி வந்து பிஸ்கட் கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்றுதான் குட்டி எடுத்துக்கொள்ளும். தரையில் போய்விட்டால் வாசனை துளியும் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். பினாயில் நம் மூக்கிலிருந்துதான் அந்த வாசனையை மறைக்கும், நாயின் மூக்கிலிருந்து அல்ல. ஏற்காட்டில் ஐப்பசி கார்த்திகை மழையில், மூடுபனி வாசல்படி வரை வந்து நிற்கும்போது, ஈரப் புல்லில் கால் வைக்க மறுக்கும் குட்டியோடு குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும். எளிதில்லைதான். அந்த நேரத்தில் பழைய செய்தித்தாளைக் கூடத்தில் விரித்துவிட்டால் குட்டி செய்தித்தாளைத்தான் கற்றுக்கொள்ளும். வெயில் வந்த பிறகும் வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்து காகிதத்தைத் தேடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாகப் பலர் கைக்கொள்வது பழைய வைத்தியம். வேலையிலிருந்து வருகிறார்கள், தரையில் ஈரம். குட்டியின் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து, ஈரத்தில் மூக்கைத் தேய்த்து, செருப்பால் ஓர் அடி. குட்டி காதைப் பின்னுக்குத் தள்ளி, வாலைக் காலிடுக்கில் ஒளித்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறது. “பாருங்க, அதுக்கே தெரியுது.”

அந்த முகத்தைத்தான் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் சோதித்துப் பார்த்தார். 14 வளர்ப்பு நாய்கள். உரிமையாளர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று ஆய்வாளர் அவரிடம் சொல்வார். ஆனால் சில நேரம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார். விளைவு தெளிவாக இருந்தது. நாய் குற்றம் செய்ததா என்பதற்கும் அதன் ‘குற்ற முகத்துக்கும்’ சம்பந்தமே இல்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதற்குத்தான் சம்பந்தம். சொல்லப்போனால், ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் அதிகமாகத் தெரிந்தது. குற்ற உணர்வு என்று நாம் படித்தது அச்சத்தை. எதிரே நிற்பவரின் கோபத்தைத் தணிக்க நாய் செய்யும் உடல்மொழி அது.

அடிபட்ட குட்டி அப்படியானால் என்ன கற்றுக்கொள்கிறது? மனிதன் பார்க்கும்போது மூத்திரம் போகக் கூடாது என்று கற்றுக்கொள்கிறது. அதனால் சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்கிறது. கயிற்றில் கட்டி வெளியே கூட்டிப்போனால் அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்கிறது, மனிதன் பக்கத்தில் இருக்கிறானே! சில குட்டிகள் பயத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். அதைத் திமிர் என்று எண்ணி இன்னோர் அடி விழும். மதியம் இரண்டு மணிக்கு நடந்த காரியத்தையும் மாலை ஆறு மணிக்கு விழும் அடியையும் இணைக்கும் கயிறு அதன் மனத்தில் இல்லை. நினைவோடு இணையாத தண்டனை பாடமாவதில்லை. அச்சமாக மட்டுமே தங்குகிறது.

இந்த இடத்தில் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். போன பிறவியில் செய்ததற்கு இந்தப் பிறவியில் துன்பம் என்கிறது வினைக் கொள்கை. ஆனால் போன பிறவி யாருக்கும் நினைவில் இல்லை. மாலை ஆறு மணிக்குச் செருப்படி வாங்கும் குட்டியின் நிலையில் அல்லவா மனித உயிர் நிற்கிறது?

தமிழ்ச் சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் மரபு அல்ல. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், இறைவன் தண்டிப்பது அவன் கருணைக்குப் பொருந்துமா என்று நேராகவே கேட்டுக்கொள்கிறது. சொல் கேட்காத பிள்ளையைப் பெற்றவர் பிரம்பால் அடிப்பதும் கட்டிப்போடுவதும் பரிவால்தான், ஈசனின் சினமும் அப்படித்தான் என்பது அது தரும் விடைகளில் ஒன்று. இந்த உவமையைப் படிக்கும்போது நாய்க்குட்டி குறுக்கே வந்து நிற்கிறது. ஏன் அடிபட்டோம் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரியாத பிள்ளையை அடிப்பவரைப் பரிவுள்ளவர் என்று எவரும் சொல்லமாட்டார். பெற்றோர் உவமை நிற்க வேண்டுமானால் நினைவு வேண்டும். அது இங்கே இல்லை.

அதே நூலில் இன்னோர் உவமையும் இருக்கிறது. சில நோய்களை மருத்துவன் அறுத்துக் கீறித் தீர்க்கிறான்; சிலவற்றைப் பாலும் சர்க்கரைக் கட்டியும் கொடுத்துத் தீர்க்கிறான். இறைவனும் துன்பத்தாலும் இன்பத்தாலும் வினையைத் தீர்க்கிறான். இது முற்றிலும் வேறு வகையான வாதம். நோயாளிக்கு நோயின் வரலாறு நினைவில் இருக்க வேண்டியதில்லை. கத்தி ஏன் படுகிறது என்று மயக்கத்தில் கிடப்பவனுக்குத் தெரியாமலே சிகிச்சை நடந்துவிடும். சித்தாந்தத்தின் மற்ற கருத்துகளோடும் இதுவே நன்றாகப் பொருந்துகிறது. உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் பக்குவப்பட வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம், கணக்குத் தீர்ப்பது அல்ல. தண்டனையாகப் பார்த்தால் வினைக் கொள்கை கொடுமையாகிவிடுகிறது, சிகிச்சையாகப் பார்த்தால் அறிவோடு நிற்கிறது என்பது இந்தக் கட்டுரையின் துணிபு.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயை முழுதும் அறிந்தவன் மட்டுமே கத்தியை எடுக்கலாம். சித்தாந்தம் அந்த அறிவை உயிரோடு பிரிவின்றி நிற்கும் இறைவனுக்கு மட்டுமே தருகிறது. செருப்பைக் கையில் எடுத்தவருக்கு அந்த அறிவு கிடையாது. நோயில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, “எல்லாம் போன ஜென்மத்துப் பாவம்” என்று அதன் தாயின் காதில் விழும்படி சொல்பவருக்கும் கிடையாது. ‘என் வினை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பணிவு. ‘உன் வினை’ என்று அடுத்தவரிடம் சொல்வது, அவருக்கு நினைவில் இல்லாத ஈரத்தில் அவர் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது.

நாயைப் பழக்குவது பழக்குகிறவரையும் மாற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் குக்குரவதிக சுத்தம் என்று ஓர் உரை உண்டு. சேனியன் என்ற துறவி நாயின் வாழ்வையே தவமாக ஏற்றவன். தரையில் எறிந்த உணவைத் தின்பான், நாயைப் போலச் சுருண்டு படுப்பான். இந்தத் தவத்தின் பலன் என்ன என்று புத்தரிடம் கேட்கிறார்கள். கேட்காதீர்கள் என்று இரண்டு முறை தவிர்த்துவிட்டு, மூன்றாவது முறை சொல்கிறார்: நாயின் பழக்கத்தையும் மனத்தையும் முழுமையாக வளர்த்துக்கொண்டவன் நாய்களோடுதான் போய்ப் பிறப்பான். சேனியன் அழுதுவிடுகிறான். பிறகு சங்கத்தில் சேர்ந்து விடுதலையும் அடைகிறான். எதைத் தினமும் பழகுகிறோமோ அதுவாக ஆகிறோம் என்றால், காலை மாலை அடித்துப் பழகும் கை எதுவாக ஆகும் என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது. அந்தக் கையைச் சட்டமும் தடுக்கிறது. 1952இல் மாநிலங்களவைக்குச் சென்ற நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மிருகவதைத் தடைக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் வந்த சட்டம், ஒரு விலங்குக்குத் தேவையற்ற வலி உண்டாகும்படி அடிப்பதையும் உதைப்பதையும் குற்றமாக்கியது. வீட்டு நாய்க்கும் அது பொருந்தும்.

நாயைப் பற்றி நம் சமயங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. ஆகமக் கோயிலுக்குள் நாய் நுழைந்துவிட்டால் தீட்டு, அதற்குச் சுத்திச் சடங்கு உண்டு. அதே கோயிலின் வடகிழக்கு மூலையில் பைரவர் பக்கத்தில் நாய் நிற்கிறது. ஏற்காட்டுக்கு வடக்கே தருமபுரி அருகே அதியமான்கோட்டையில், தேய்பிறை அட்டமியன்று காலபைரவரைக் காண மக்கள் திரள்கிறார்கள். மாணிக்கவாசகர் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்போது அடிக்கடி நாய் என்கிறார். நாலடியாரோ யானையின் நட்பைவிட நாயின் நட்பையே உயர்த்துகிறது.

சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனின் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்து சொல்கிறது. நாய்க்கு அறம் தெரியுமா என்று அந்த ஊர்க்காரர்கள் விவாதித்தார்களா, தெரியாது. பெயரைச் சொல்லிப் பதிவு செய்தார்கள். குற்ற உணர்வு இல்லாத உயிரிடமும் பற்று இருக்கக் கூடும், அந்தப் பற்று மதிக்கத் தக்கது என்பதற்கு இதைவிடப் பழைய சான்றைத் தமிழில் தேடுவது கடினம்.

அடிபட்ட நாய்க்கு நினைவும் இருந்தால் என்ன ஆகும்? ராமாயணத்து உத்தர காண்டத்தின் சில பாடங்களில் அப்படி ஒரு நாய் வருகிறது. தலையில் காயத்தோடு ராமனின் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறது. பிச்சை கிடைக்காத கோபத்தில் ஓர் அந்தணர், செய்யாத குற்றத்துக்காகத் தன்னை அடித்துவிட்டார் என்பது அதன் வழக்கு. அந்தணரும் ஒப்புக்கொள்கிறார். என்ன தண்டனை தருவது என்று சபை குழம்பும்போது நாயே சொல்கிறது: இவரைக் காலஞ்சரத்தில் மடத்தலைவர் ஆக்குங்கள். யானை மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். இது தண்டனையா, பரிசா என்று அமைச்சர்கள் திகைக்கிறார்கள். ராமன் அவர்களுக்கு விளக்கம் சொல்லாமல் நாயையே பேசச் சொல்கிறான். முற்பிறவியில் தான் அதே மடத்தின் தலைவராக இருந்ததையும், நெறி தவறாமல் வாழ முயன்றும் இந்தப் பிறவிக்கு வந்து சேர்ந்ததையும் நாய் சொல்கிறது. கோபக்காரரான இவர் அந்தப் பதவியில் என்ன ஆவார் என்று தனக்குத் தெரியும் என்கிறது. பிறகு காசிக்குப் போய் உண்ணாநோன்பு இருந்து உயிரை விடுகிறது.