துறவியின் பின்னால் வந்த நாய்

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலின் கீழைக் கோபுரத்தடியில் பட்டினத்தார் இருந்தார். மேலைக் கோபுரத்தடியில் அவருடைய சீடர் பத்திரகிரியார் இருந்தார். குரு காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்தவர், சீடர் வடநாட்டில் அரசாண்டவர் என்பது கர்ணபரம்பரை. சீடர் திருவோடு ஏந்திப் பிச்சை வாங்கிவருவார். குருவுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைத் தான் உண்பார். அந்த மிச்சத்திலும் பங்கு கேட்டு ஒரு பெண்நாய் வந்து ஒட்டிக்கொண்டது. ஒருநாள் சிவபெருமானே பிச்சைக்காரர் வேடத்தில் வந்து பட்டினத்தாரிடம் கையேந்தினார். என்னிடம் ஒன்றுமில்லை, மேலைக் கோபுரத்தில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேளும் என்று அனுப்பிவைத்தார் பட்டினத்தார். ஓடும் நாயும் தன்னைக் குடும்பஸ்தனாக்கிவிட்டனவே என்று நொந்த பத்திரகிரியார் ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின் தலையில் பட்டது. நாய் செத்துப்போனது.

தமிழ்நாட்டில் துறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஓட்டைக்கூட உதற வேண்டும் என்ற பாடத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. இறந்த நாய் காசி மன்னனின் மகளாகப் பிறக்கிறது, முற்பிறவி நினைவோடு பத்திரகிரியாரைத் தேடி வருகிறது, அவரோடு சேர்ந்தே சோதியில் கலக்கிறது. துறவியின் மிச்சச் சோற்றைத் தின்ற புண்ணியம் என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. ஓட்டை எறிந்த கை அந்த நாய்க்குக் கடன்பட்டுவிட்டது என்றும் இதை வாசிக்கலாம்.

வீடு வாசலை விட்டுக் கிளம்புகிறவன் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போனால், அது பற்றா, அறமா? நகரத்து வேலையை உதறிவிட்டு நாயும் தானுமாகக் கிராமத்தில் குடியேறுகிறவர்களும், வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு மலையூர்களைச் சுற்றுகிறவர்களும் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது இது பழைய கேள்வி என்று ஒதுக்கத் தோன்றவில்லை.

இதற்கு இந்திய மரபு தந்த மிகப் பெரிய பதில் மகாபாரதத்தின் பதினேழாம் பருவத்தில் இருக்கிறது. வில்லிபுத்தூராரின் பாரதம் போர் முடிவோடு பத்துப் பருவங்களில் நின்றுவிடுவதால், வில்லியை மட்டும் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி கிடைத்திருக்காது. அரசைத் துறந்து பாண்டவர் ஐவரும் திரௌபதியும் வடக்கு நோக்கி நடக்கிறார்கள். ஏழாவதாக ஒரு நாய். வழியில் முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், கடைசியாக வீமன். தருமன் திரும்பிப் பார்க்கவில்லை. இந்திரன் தேரோடு வந்து, உடலோடு சொர்க்கத்துக்கு அழைக்கிறான். நாயும் வர வேண்டும் என்கிறான் தருமன். நாய் வளர்ப்பவனுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை, அவன் செய்த வேள்விப் பலனும் பறிபோய்விடும் என்று இந்திரன் சாத்திரம் பேசுகிறான். பிறகு கூர்மையான கேள்வியைப் போடுகிறான்: தம்பியரையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவனுக்கு இந்த நாயை விட என்ன தடை?

தருமனின் பதில்தான் இந்த விவாதத்தின் முதுகெலும்பு. அவர்கள் இறந்துவிட்டார்கள், அவர்களை எழுப்பும் ஆற்றல் தனக்கில்லை, உயிரோடு இருந்தவரை ஒருவரையும் தான் கைவிடவில்லை என்கிறான். நாயோ உயிரோடு இருக்கிறது, தன்னை நம்பி வந்திருக்கிறது. அடைக்கலம் புகுந்தவரைக் கைவிடுவது, பெண்ணைக் கொல்வதற்கும் நண்பனுக்குத் துரோகம் செய்வதற்கும் ஒப்பான பாவம் என்று அடுக்குகிறான். நாய் தருமதேவதையாக உருமாறுகிறது. முன்பு யட்சனாக வந்து பொய்கைக்கரையில் வைத்த சோதனையையும் அது நினைவூட்டுகிறது. அன்று நான்கு தம்பியரில் ஒருவரை மட்டும் எழுப்பலாம் என்றபோது, தருமன் தன் தாய் பெற்ற வீமனையோ அர்ச்சுனனையோ கேட்காமல் மாத்திரியின் மகன் நகுலனைக் கேட்டிருந்தான்.

இதற்கு நேர் எதிரான சாட்சியம் பாகவதத்தின் ஐந்தாம் கந்தத்தில் வருகிறது. பரதன் என்ற பேரரசன் நாட்டைத் துறந்து காட்டுக்கு வந்து தவமிருக்கிறான். தாயை இழந்து ஆற்றில் மிதந்துவந்த மான்குட்டியைத் தூக்கிக் காப்பாற்றுகிறான். அதுவரை குற்றமில்லை. நாளாக ஆக நித்திய கருமங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. மான் கண்ணில் படாவிட்டால் தவிக்கிறான். சாகும் தறுவாயிலும் அதையே நினைத்து, அடுத்த பிறவியில் மானாகவே பிறக்கிறான்.

இரண்டு கதையும் ஒரே மண்ணில் விளைந்தவை. ஒன்றில் மிருகத்தை விடாதவன் சொர்க்கம் போகிறான், மற்றதில் மிருகத்தை விடாதவன் மிருகமாகிறான். கூர்ந்து பார்த்தால் பரதன் தன் மனம் படும் பாட்டைத்தான் மான் என்ற பெயரில் சுமந்தான். தருமனுக்கு அந்த நாயால் ஒரு சுகமுமில்லை. அதைக் கொஞ்சினான் என்று பாரதம் எங்கும் சொல்லவில்லை, பெயர்கூட வைக்கவில்லை. நாய்க்காகத் தன் கையிலிருந்த சொர்க்கத்தை இழக்கத் தயாராக இருந்தான், அவ்வளவுதான். செலவு யார் கணக்கில் விழுகிறது என்பதை வைத்தே பற்றையும் அறத்தையும் இந்த இரண்டு நூல்களும் பிரித்துக்காட்டுகின்றன. அந்த அளவுகோலை வைத்தால் பத்திரகிரியார் செய்தது துறவுக்குப் போதாது. தன்னைச் சம்சாரி என்று ஒருவர் சொன்ன வலி அவருடையது. அதற்கு விலை கொடுத்தது நாய்.

இந்தச் சிக்கலை வாழ்ந்தே அவிழ்த்த ஒருவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் தங்கியிருந்தபோது, கமலா என்ற நாய் குட்டியாக வந்து சேர்ந்தது. வருடா வருடம் குட்டி போட்டு ஆசிரமத்தை நிரப்பிவிடும் என்று அன்பர்கள் துரத்திப் பார்த்தார்கள். அது போவதாக இல்லை. முதல் பிரசவத்தின்போது அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, தனி இடம் கொடுத்தார்கள். பத்தாம் நாள் விருந்தும் நடந்தது. மலையைப் பார்க்கப் புதிதாக ஆள் வந்தால் சுற்றிக்காட்டும்படி கமலாவிடம் சொல்லி அனுப்புவார் மகரிஷி. ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒவ்வொரு சந்நிதிக்கும் அது அவரை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஊர் மூலைமுடுக்கெல்லாம் மோப்பம் பிடித்துத் தெரிந்துகொண்ட நாயின் துருதுருப்பு, அங்கே யாத்திரை வழிகாட்டியாக வேலை பார்த்தது. பின்னாளில் அடிவாரத்து ஆசிரமத்தில் முதல் சாப்பாடு நாய்களுக்கு, அடுத்தது பிச்சைக்காரர்களுக்கு, கடைசியாகத்தான் அன்பர்களுக்கு என்ற வழக்கம் இருந்தது. பசு லட்சுமிக்கும் மான் வள்ளிக்கும் பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் அங்கே சமாதி உண்டு. கோவணத்தைத் தவிர வேறெதையும் தனதென்று வைத்துக்கொள்ளாத மனிதரை யாரும் சம்சாரி என்று சொல்லவில்லை.

பிற சமயங்களின் பாதைகளிலும் நாய் உண்டு. கத்தோலிக்கரும் கிழக்கத்தியத் திருச்சபையினரும் விவிலியத்தில் வைத்திருக்கும் தோபித்து நூலில், நினிவே நகரிலிருந்து மேதியா நாட்டுக்குப் புறப்படும் இளைஞன் தோபியாவோடும், மனித வேடத்தில் வழித்துணையாக வரும் ரபேல் வானதூதரோடும் ஒரு நாய் போகிறது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை அது தலைகாட்டுகிறது. கதையில் அதற்கு எந்த வேலையும் இல்லை. அப்படியிருந்தும் ஓவியர்கள் அதை விடவில்லை. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள வெரோக்கியோ பட்டறை ஓவியத்தில் அந்தச் சிறு வெள்ளை நாயை இளம் லியொனார்டோ வரைந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயம் குகைத் தோழர்களைப் பற்றியது. நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள ஊரைவிட்டு ஓடிய இளைஞர்கள் 309 ஆண்டுகள் உறங்க, அவர்களுடைய நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்ற விவாதத்தை வேதம் எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாயும் எண்ணிக்கையில் சேர்கிறது. அதே சமயம், தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பலர் பின்பற்றும் ஷாஃபி சட்டப்பள்ளியின்படி நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழுமுறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண்ணால். மாலிக்கி பள்ளி நாயை அசுத்தம் என்று கொள்வதில்லை. தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதாகவும் நபிமொழி உண்டு. தூய்மை விதி வேறு, கருணை வேறு. நாயோடு ஒரு ஊருக்குப் போகிறவர் இந்த இரண்டையும் தெரிந்துவைத்திருந்தால், விருந்தோம்பும் வீட்டின் தொழுகைப் பாயருகே தன் நாயை உலவவிட மாட்டார்.

இனி நாயின் தலைக்குள் நடப்பதற்கு வரலாம். சார்லஸ் டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதனின் மரபு பற்றிய நூலில் ஒரு சம்பவம் இருக்கிறது. வெயிலான, காற்றோட்டமில்லாத ஒரு நாளில் அவருடைய நாய் புல்தரையில் படுத்திருந்தது. சற்றுத் தள்ளி விரித்து வைத்திருந்த குடை லேசான காற்றில் அவ்வப்போது அசைந்தது. அசையும்போதெல்லாம் நாய் உறுமிக் குரைத்தது. ஆள் தெரியாமல் அசைவு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத யாரோ இருக்க வேண்டும் என்று நாய் கருதியிருக்கும் என்பது டார்வினின் ஊகம். காற்றிலும் ஆற்றிலும் ஆவியைக் கண்ட ஆதிமனிதனின் நம்பிக்கைக்கு விதை இதுவாக இருக்கலாம் என்றும், நாய் எசமானிடம் காட்டும் பணிவில் பக்தியின் தொலைதூரச் சாயல் இருக்கிறது என்றும் அவர் எழுதினார். இறைநம்பிக்கையாளருக்கு இது குத்தலாகப் படலாம். ஆனால் புதரடியில் நின்று காதை நிமிர்த்தி, அங்கே என்ன என்று கேட்கும் நாயைப் பார்த்த யாரும், வியப்பு மனிதனின் தனிச்சொத்து என்று சாதிக்க முடியாது.

இந்தத் துருதுருப்பு மனிதர்களிடையே பாலமும் போடும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960 செப்டம்பரில், தன் 58ஆம் வயதில், சார்லி என்ற பூடில் நாயோடு கூண்டு வண்டி ஒன்றில் நாட்டைச் சுற்றக் கிளம்பினார். 1962இல் வந்த அவரது பயண நூலின் உரையாடல்களில் கற்பனை கலந்திருப்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள், நாய் கற்பனையில்லை. முகாமிட்ட இடத்தில் அயலாரோடு பேச வேண்டுமென்றால் சார்லியை அவிழ்த்துவிட்டு, தொந்தரவுக்கு மன்னியுங்கள் என்று பின்னாலேயே போய்ப் பேச்சைத் தொடங்குவது அவர் உத்தி. அதே சாதுவான சார்லி யெல்லோஸ்டோன் வனத்தில் கரடிகளைக் கண்டதும் வெறிபிடித்ததுபோல் கத்தித் தீர்த்ததில், வந்த வழியே வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று.

கரடியைக் கண்டு சார்லி கத்தியது சிரிப்போடு முடிந்தது. எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை; அதைச் சொல்ல ஒரு நாய்நோயின் பழைய தடயத்திலிருந்து தொடங்க வேண்டும். 1914இல் ஜெர்மனியின் பான் நகரருகே ஓபர்காசலில், ஓர் ஆணும் பெண்ணும் நாயோடு புதைக்கப்பட்ட சுமார் 14,000 ஆண்டுப் பழைய குழி கிடைத்தது. அந்த நாய் ஏறத்தாழ ஏழு மாதக் குட்டி. அதன் பற்களில் டிஸ்டெம்பர் என்ற அந்த நோயின் தழும்பு இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு விளக்கியது. எந்த வேலைக்கும் உதவாத நிலையில் வாரக்கணக்கில் யாரோ அதற்குத் தண்ணீர் காட்டி, துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேதங்கள் எதுவும் தோன்றாத காலத்தில் நடந்த அடைக்கலம் அது. அதே 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன; பரிசோதனையில் அகப்பட்டவற்றில் டிஸ்டெம்பர் வைரஸும் ஒன்று. நாய்களிடம் வெகுசாதாரணமாகப் பரவும் கிருமி. தடுப்பூசி போடாத நாயைக் காட்டோரத்தில் அவிழ்த்துவிடுகிறவர், தன் அன்பின் செலவை வேறு உயிர்களின் தலையில் கட்டுகிறார். தருமன் தன் கையிலிருந்ததைத்தான் பணயம் வைத்தான்.

கிராமத்திலும் இதே கணக்குத்தான். தென்மாவட்டத்துக் கீதாரிகள் மந்தையை நடத்திப்போய் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறார்கள். நகரத்து நாய் விளையாட்டுக்குத் துரத்தினாலும் சினை ஆடு கருவைச் சிதைத்துக்கொள்ளும், இழப்பு கீதாரிக்கு. ஊர்நாய்களுக்கு எல்லை உண்டு. அவற்றின் தெருவுக்குள் புது நாயைக் கொண்டுபோனால் கடிபடுவது தன் நாய் மட்டுமில்லை. சிறுத்தை நடமாடும் ஊர்களில் இரவு வெளியில் கட்டிய நாய் அதற்கு விருந்து. பிறகு சிறுத்தை அந்தத் தெருவுக்குத் திரும்பத் திரும்ப வரும்போது, நாய்க்காரர் ஊரைவிட்டுப் போயிருப்பார்.

ஆகவே நாயோடு கிராமத்துக்குக் கிளம்புகிறவர்கள் வெறிநாய்க்கடிக்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள். கிடையையும் காட்டோரத்தையும் கடக்கும்போது வாரைக் கையிலிருந்து விடாதீர்கள். எந்த வீட்டுத் திண்ணையிலும் ஏறுமுன் அந்த வீட்டாரைக் கேளுங்கள். கிராமம் பிடிக்காமல் ஒருநாள் நீங்கள் நகரத்துக்குத் திரும்ப நேர்ந்தால், நாயையும் கூட்டிக்கொண்டு திரும்புங்கள்.