தட்டு வைக்கும் வேலை

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால், காபி வருவதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்துவிடுகிறது. "பாட்டிக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு", "இது என்ன கலர்?", "யானை எங்க இருக்கு, தொட்டுக் காட்டு." பிள்ளை ஒப்பிக்கும், இல்லையென்றால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கேட்கிறவருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்பது மூன்று வயதிலேயே புரிந்துவிடுகிறது போலும். எனக்கு என்னவோ ஒளிந்துகொள்கிற பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது.

அதே பிள்ளையிடம், "சாம்பாருக்கு அஞ்சு வெங்காயம் எடுத்துட்டு வாடா" என்று சொல்லிப் பாருங்கள். ஓடும். கூடைக்குள் கையை விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எண்ணி நாலைக் கொண்டுவரும். "இன்னும் ஒண்ணு வேணுமே" என்றால் மறுபடி ஓடும். இந்த எண்ணிக்கையை யாரும் கைதட்டிப் பாராட்டப் போவதில்லை. ஆனால் சாம்பாருக்கு அது வேண்டும். பிள்ளைக்கு அது போதும். வீட்டு வேலை குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதெல்லாம் அது நிஜமான வேலையாக இருக்கிற வரைதான். அங்கேயும் வாத்தியார் வேலையைத் தொடங்கிவிட்டால், அடுப்படியும் வகுப்பறையாகிவிடும். பிள்ளை மறுபடி ஒளிந்துகொள்ளும்.

என் பேரனுக்கு நாலு வயது. அவனுக்குக் காலையில் டம்ளரில் பால். சூடாக இருந்தால் டபராவில் ஊற்றி ஆற்றுவோம். ஊற்றியதும் அவன் முகம் மாறும். "கொறைஞ்சு போச்சு!" டபரா அகலம், பால் அடியில் பரவிக் கிடக்கிறது. மருமகள் பொறுமையாக விளக்குவாள்: அதே பால்தான் கண்ணா, பாத்திரம்தான் வேற. அவன் கடைசி வரை கேட்டுவிட்டு, "டம்ளர்லயே குடு" என்பான். திரும்ப டம்ளரில் ஊற்றினால், "இப்ப சரியாயிடுச்சு."

ஜெனீவாவில் இருந்த ழான் பியாஜே என்ற உளவியலாளர் கண்ணாடிக் குவளைகளை வைத்து ஆராய்ந்தது இதையேதான். அகலமான குவளையிலிருந்து ஒடுங்கிய, உயரமான குவளைக்குத் தண்ணீரை மாற்றினால், ஏறத்தாழ ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பலர் உயரத்தைப் பார்த்து, தண்ணீர் கூடிவிட்டது என்பார்கள். அது பிடிவாதமும் இல்லை, மக்குத்தனமும் இல்லை. அந்த வயதின் கணக்கு அது. வாயால் சொல்லி மாற்ற முடியாது. அவனே ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் இப்போது ஆற்றுகிற வேலை அவனுடையது. கை சுடாத அளவுக்கு ஆறிய பிறகு, பாதி டம்ளர் பால், கீழே ஒரு தாம்பாளம். முதலில் டபராவைவிடத் தாம்பாளத்தில்தான் அதிகம் விழுந்தது. டபராவின் விளிம்பை எந்தப் பக்கம் சாய்த்தால் ஒழுகாது என்பதை யாரும் சொல்லித்தராமல் அவன் விரல்களே கண்டுபிடித்துக்கொண்டன. டபராவில் பால் குறைந்துவிட்டதாக இன்னமும் நம்புகிறான். நம்பட்டும். அவசரம் ஒன்றுமில்லை.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய 'குழந்தைகள் இல்ல'த்தில் பெருக்குவது, துடைப்பது, பொத்தான் போடுவது, சிந்தாமல் ஊற்றுவது எல்லாம் கல்வியாக ஆயின. பிள்ளைகள் கையில் உடையக்கூடிய நிஜப் பாத்திரங்களையே கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியும் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். இன்று அவர் பெயரில் நடக்கும் பள்ளிகளில், கிண்ணத்துக்குக் கிண்ணம் அரிசி ஊற்றிப் பழகுவதற்கு நாம் பணம் கட்டுகிறோம். வீட்டில் அரிசி டப்பா பக்கம் பிள்ளை வந்தால், "தொடாதே, கொட்டிடுவே!"

இட்லி மாவு இன்னொரு பெரிய விஷயம். நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. அளந்து போடுவது பிள்ளையின் கை. ஆழாக்கின் தலையை விரலால் வழித்துத் தட்டையாக்குவதில் அவனுக்கு அப்படியொரு கவனம். ராத்திரி மாவு எதுவரை இருக்கிறது என்று பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் விபூதியால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். காலையில் மூடியைத் திறந்தால் மாவு கோட்டைத் தாண்டி நிற்கும். "ராத்திரி யாரு பாட்டி ஊதினா?" என்று கேட்டான். கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உயிர்கள் மாவைத் தின்று காற்றை விடுகின்றன என்றேன். அதைக் கேட்டு ஒரு நாள் இட்லி சாப்பிட மறுத்தான், அது வேறு கதை. மார்கழிக் குளிரில் மாவு சரியாகப் பொங்காதபோது, "அதுங்களுக்குக் குளிருதா?" என்று அவனாகவே கேட்டான். கிட்டத்தட்ட சரியான காரணம்.

இதிலெல்லாம் ஒரு கசப்பும் உண்டு. பெண் பிள்ளை அடுப்படிக்கு வந்தால் "வேலை பழகட்டும்" என்போம். பையன் வந்தால் "உனக்கு இங்கென்ன வேலை, போய் விளையாடு" என்று துரத்துவோம். அப்படிப் பழகவிட்ட பெண்ணுக்கும் பேச்சில்லாமல் பாத்திரக் குவியல்தான் மிச்சம். அது சுமை, கல்வி இல்லை. கூடவே நின்று பேசுகிற ஆளும், கேள்வி கேட்க இடமும் இருந்தால்தான் வேலை பாடமாகும். பையனுக்கும் அதே வேலை, அதே பேச்சு.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். காலை ஏழரைக்குப் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது, பொத்தானை நீயே போடு என்று காத்துக்கொண்டிருக்க முடியாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்கு ஓடும் வீட்டில் தினமும் பிள்ளையோடு சேர்ந்து மாவு அரைக்கச் சொல்ல எனக்கும் வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை பட்டாணி உரிக்கலாம். துவைத்த துணியில் ஜோடி சாக்ஸ் தேடலாம்.

அதுவும் முடியாதென்றால் ஒன்றே ஒன்று. இன்று ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கிற வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எத்தனை பேர் என்று சொல்லாதீர்கள். ஐந்து பேர் வீட்டில் நாலு தட்டு வந்தால் திருத்தவும் வேண்டாம். எல்லாரும் போய் உட்காருங்கள், தட்டில்லாத ஆள் நீங்களாக இருங்கள். மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.