புறவாசல் யாருடையது?

பிச்சிக்கொடியைக் கவாத்து செய்ய மார்கழிதான் பருவம். நெல்லைப் பக்கத்துப் புறவாசல்களில் ஆனியிலும் அரிவாள் விழும். மருமகள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மாமனார் கொடியை மொட்டையடித்திருப்பார். "வெட்டிவிட்டாத்தாம்மா தழைஞ்சு வரும்" என்பார். தழைக்கும்தான், அந்தப் பருவத்துப் பூ போய்விடும். முருங்கைக்குப் பாவம் பார்த்து அத்தை தினமும் தண்ணீர் விடுவாள். மரம் இலையாய்க் கொழித்துப் பூவை உதிர்க்கும். களை என்று சித்தப்பா பிடுங்கி எறிந்ததைப் புரட்டிப் பார்த்தால் கீழாநெல்லியும் குப்பைமேனியும் கிடக்கும். அதுவும் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில்!

யாரும் கெடுக்க நினைத்துச் செய்வதில்லை. கெடுத்தவரிடம் சண்டை போடலாம், ஒத்தாசை செய்தவரிடம் என்ன சொல்வது?

ஒரு பூச்செடிக்கா இத்தனை கோபம் என்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தாமிரபரணி பாய்ந்த நஞ்சையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் ஆண்கள் பேரில்தான் இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல். வந்த பிறகும் அண்ணன் மனம் கோணாமலிருக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தங்கைகள் ஏராளம். எங்கே எதை நடுவது என்று ஒரு பெண் தானே முடிவு செய்த மண், பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் அந்தக் கிணற்றடித் துண்டுதான். பட்டா கிடையாது. அங்கேயும் கேட்காமல் அரிவாள் வந்தால் கோபம் வராதா?

மாமனார் பக்கமும் நியாயம் உண்டு. காரும் பிசானமுமாய் நெல் விளைவித்த கை அது. வயலை மனையாக விற்றாயிற்று. விடியுமுன் மண்வெட்டியைத் தேடும் பழக்கம் மட்டும் போகவில்லை. இருவருக்கும் வேண்டியது தாமே முடிவு செய்ய ஒரு சாண் மண். இருப்பதோ ஒரே புறவாசல்.

தீர்வு மாமனாருக்குத் தெரியாததல்ல. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் கட்டியது. மற்றவை அதற்கு முந்தியவை. அத்தனை காலமும் ஆற்றுத் தண்ணீரை அடிதடியில்லாமல் பங்கிட ஊர்கள் பாடுபட்டிருக்கின்றன. ஊர்க்குளங்களில் மடை திறக்க நீர்ப்பாய்ச்சி என்று தனி ஆள் உண்டு. பயிர் வாடுகிறதே என்று வயல்காரர் தானே போய்த் திறந்துவிட முடியாது. நல்ல எண்ணத்தோடு திறந்தாலும் அது வரம்பு மீறல்தான். மடைக்குப் பொறுப்பு யார் என்பதுதான் அங்கே பேச்சு. மனசு எப்படிப்பட்டது என்பதில்லை. மடைக்குக் கொடுத்த அந்த மரியாதையைப் பிச்சிக்கொடிக்கும் கொடுத்தால் போதும்.

மாமனார்களே, அரிவாளை எடுக்குமுன் "வெட்டட்டுமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மருமகள்களே, புறவாசலில் ஒரு பாத்தியை அவருக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். மறுபடியும் நாங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இது உங்களிடமிருந்து யாரும் எடுத்துக்கொண்டதல்ல, நீங்களாகக் கொடுப்பது. கொடுத்த பிறகு, அதில் அவர் எதை எந்த மாதத்தில் வெட்டினாலும் வாயைத் திறக்காதீர்கள்.