காசு வாங்காதே, தம்பி

இதயநோய் மேற்படிப்பை முடித்த கையோடு நீ ஒரு தனியார் கிளினிக்கில் சேரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். எந்த இடம் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த இடம்தான். ‘ஸ்டெம் செல் ஊசியால் இதயம் புதுப்பிக்கப்படும்’ என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்களே, அதேதான். 10ஆம் தேதி சேருகிறாயாம். அதற்குள் இதைப் படித்துவிடு.

போன வாரம் ஒரு விவசாயி என்னைப் பார்க்க வந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை அடுக்கித் தூங்குபவர். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, விரலை எடுத்தும் மேலே வரவில்லை. எக்கோவில் ஈ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 25 சதவீதம். அவர் மனைவி மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். ரிப்போர்ட்டுகளோடு மாத்திரை அட்டைகளும் விழுந்தன, பிரிக்காமலே. ஏன் நிறுத்தினீர்கள் என்றேன். “புது செல்லு போட்டாச்சே சார், இனிமே மாத்திரை எதுக்கு?” என்றார் அந்த அம்மா. அரை ஏக்கர் விற்றுப் போட்ட செல். மாத்திரையை நிறுத்து என்று நீ சேரப்போகும் அந்தக் கிளினிக்கில் யாரும் சொல்லவில்லையாம். நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை.

அவர்களுடைய ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி தசைச் செல்கள்கூடச் செத்துப்போகும். அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பு சுருங்கி விரியாது. 1950களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐ அளவுகோலாக வைத்து, ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசேன் குழு மனித இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்டது. 2009இல் வந்த முடிவு இது: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் 0.45 சதவீதம். இழந்ததை ஈடுகட்ட இது எந்த மூலைக்கு? அதனால்தான் வெளியிலிருந்து செல் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே பிறந்தது. எண்ணத்தில் பிழையில்லை.

பிழை எங்கே நுழைந்தது என்று பார். எலும்பு மஜ்ஜைச் செல்லைச் செலுத்தினால் எலியின் இதயத்தில் புதுத் தசை முளைக்கிறது என்று 2001இல் பியரோ அன்வெர்சாவின் குழு ‘நேச்சர்’ இதழில் எழுதியது. உலகமே துள்ளியது; நானும்தான். 2004இல் அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள், செய்து பார்த்தோம், மஜ்ஜைச் செல் இதயத் தசையாக மாறவில்லை என்று எழுதின. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். யாரும் நிற்கவில்லை. மனிதர்களுக்குச் சோதனைகள் தொடர்ந்தன. அரசு ஆய்வு நிதியைப் பெறப் பொய்யான தரவு காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க, அன்வெர்சா பணியாற்றிய பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனை 2017இல் 1 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அந்த ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி 2018இல் ஹார்வர்டும் பிரிகாமும் இதழ்களிடம் கேட்டன. அவர்களுடைய செல்லை வைத்து நோயாளிகளிடம் நடத்திய ஒரு சோதனையின் கட்டுரையை ‘லான்செட்’ 2019இல் நீக்கியது. எண்ணிப் பார், முதல் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே பதினெட்டு ஆண்டுகள்! அத்தனை காலமும் சாதாரண மனிதர்களின் இதயத்துக்குள் ஊசி போய்க்கொண்டிருந்தது.

இதைவிட என்னை உறுத்தியது 2014இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஒரு கணக்கு. மஜ்ஜைச் செல் பற்றிய 49 சோதனைகளை எடுத்து, ஒரே கட்டுரைக்குள் எண்ணும் எண்ணும் முரண்படும் இடங்களை எண்ணியிருக்கிறார்கள். அறுநூறுக்கு மேல். முரண் கூடக் கூட ஈ.எஃப். ஏறியிருக்கிறது. முரணே இல்லாத ஐந்து சோதனைகளில் ஈ.எஃப். ஏறவேயில்லை. எக்கோ அறையில் உட்காரும் உனக்குத் தெரியும்: அதே நோயாளியைக் காலையில் நீயும் மாலையில் உன் நண்பனும் பார்த்தால் ஈ.எஃப். ஐந்து புள்ளி வித்தியாசப்படும். அந்த ஐந்து புள்ளியைத்தான் ‘முன்னேற்றம்’ என்று ஃபைலில் எழுதிக் கொடுக்கிறார்கள். நாளைக்கு உன்னையும் எழுதச் சொல்வார்கள். எழுதாதே.

நேர்மையாக நடந்த வேலையும் உண்டு. 500 பேருக்கு மேல் பங்கேற்ற ட்ரீம்-எச்.எஃப். என்ற செல் சிகிச்சைச் சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. இதயச் செயலிழப்பால் திரும்பத் திரும்ப அட்மிட் ஆவது குறையவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் மட்டும் குறைந்ததாகத் தெரிந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதினார்கள். ஒசாகாவில் 2020இல் சாதாரணச் செல்லை மாற்றி உருவாக்கும் ஐ.பி.எஸ். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த தசைத் தகடுகளை ஒரு நோயாளியின் இதயத்தில் ஒட்டினார்கள். அதற்கு முன்பே, 2014இல், குரங்கு இதயத்தில் வைத்த செல்கள் தசையாகப் பிடித்துக்கொண்டாலும் துடிப்பைத் தாறுமாறாக்கின என்று தெரிந்திருந்தது. பிடிக்காவிட்டால் பயனில்லை, பிடித்தால் இந்தத் தொல்லை. ஆராய்ச்சி நிலையிலிருக்கும் ஒன்றுக்கு எப்படி பில் போடுவாய்?

ஸ்டெம் செல்லே பொய் என்று சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்கிறார்கள்; அதுவும் ஸ்டெம் செல்தான். தலசீமியாக் குழந்தைகள் பிழைத்து வளர்ந்து வேலைக்குப் போகிறார்கள். இரத்த நோய்க்கு அது சிகிச்சை. இதயத்துக்கு இன்னும் ஆகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2013இலேயே தன் ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளின் தலைப்பிலிருந்து ‘சிகிச்சை’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. 2017 நெறிகளும் தெளிவாகச் சொல்கின்றன: அங்கீகரித்த இரத்த நோய்களைத் தவிர மற்ற எதற்கும் முறையான சோதனைக்கு வெளியே கொடுக்கக்கூடாது, சோதனையில் சேருபவரிடம் காசும் வாங்கக்கூடாது.

ஆகவே முதல் நாளே கேள். மருத்துவச் சோதனைகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? நோயாளி எதற்குப் பணம் கட்டுகிறார்? கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடு. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும் என்பாய். கட்டத்தான் வேண்டும். அந்த அரை ஏக்கரிலிருந்து கட்டாதே.

அந்த விவசாயிக்குப் பழைய மாத்திரைகளையே மறுபடி எழுதிக் கொடுத்தேன். பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின். செயலிழந்த இதயத்தோடு கூடுதல் நாள் வாழவைக்கும் என்று ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்துக் காட்டிய மருந்துகள். உப்பைக் குறைத்து, தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பி, “ரெண்டாவது ஊசிக்கு 14ஆம் தேதி வரச் சொல்லியிருக்காங்க, போகட்டா சார்?” என்றார். வேண்டாம் என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார். முன்பணம் கட்டிவிட்டார்களாம்.

அநேகமாக வருவார். ஊசி உன் கையில் இருக்கும்.